பூ இல்லாத காயாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "குளக்கட்டுக்கு அங்கால், காட்டுக்கரையில் ஒரு பற்றை. முன்பு பார்த்தபோது கொப்பெல்லாம் நீலப்பூ. இப்ப ஒன்றுமில்லை. என்ன மரம் அது?"

இலையில்லாத கொப்பை ஒட்டியே குஞ்சம் குஞ்சமாக நீலம் பூத்திருந்தால் அது காயாதான். திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்வார்களே, அந்தக் காயாம்பூ. பூ போனபின் இலையைப் பாருங்கள். எதிரெதிராக, தடித்து, பளபளப்பாக இருக்கும். நடுநரம்பைத் தவிர வேறு நரம்பு கண்ணுக்கு எடுபடாது. பாலையும் வீரையும் மாறிமாறி இலை விடுவன. நாவலுக்கும் எதிரிலைதான், ஆனால் கசக்கினால் மணக்கும்.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம். காயா இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவிடுங்கள். கபில நிறமாகாமல் மஞ்சளோடிய பச்சையாகும். அலுமினியம் சேர்க்கும் மரங்கள் பலவற்றின் இலை இப்படித்தான் காயும்.

மண்ணில் அலுமினியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரைந்த அலுமினியம் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சு, அவை அதை வேரிலேயே தடுத்துவிடும். காயா அதை உறிஞ்சி இலையில் குவிக்கிறது. உலர்ந்த இலை 1 கிலோவில் 1 கிராமாவது இருந்தால்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள்.

இதனால் என்ன? துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் ஒரு சிறு செடியின் வேர்தான் சாயவேர். அதன் நிறம் பருத்தியில் தானாக நிற்காது, அலசினால் போய்விடும். அலுமினிய அயன் நூலையும் பிடிக்கும், சாய மூலக்கூறையும் பிடிக்கும். மூன்றும் பிணைந்தபின் தண்ணீரில் கரையாது. மங்கல் மஞ்சளாக இருந்த சாயம் சிவப்பாகவும் மாறிவிடும். கடையில் விற்கும் படிகாரம் செய்வதும் இதே வேலைதான், அதுவும் அலுமினிய உப்பு. காயா இலை மரத்தில் விளையும் படிகாரம்!

ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவதைக் குடிகள்மேல் கடமையாகவே சுமத்தினார்கள். வேரைப் பற்றி எழுதியவர்கள் உண்டு, இலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. சிங்களத்தில் காயாவுக்குக் கொறகஹ என்று பெயர்; 'கஹ' என்றால் மஞ்சள். நாங்கள் பூவைப் பார்த்தோம், அவர்கள் இலையைப் பார்த்தார்கள் போலும். இது என் ஊகம்தான்.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி என்றால் அப்பச்சோடா எரிமலை பொங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு வெள்ளைத் துணித் துண்டை எடுத்து, ஒன்றை மட்டும் காயா இலை அவித்த தண்ணீரில் ஊறவிட்டுக் காயவையுங்கள். பிறகு இரண்டையும் சாயவேர்த் தண்ணீரில் போட்டு எடுத்து, நன்றாக அலசிப் பாருங்கள். இலைக்காகக் கொப்பை முறிக்க வேண்டாம். முதிர்ந்த இலையில்தான் அலுமினியம் கூட, உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினாலே போதும்.