மாஸிஃபிகேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

உயர்கல்வி வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கட்டாயம் முட்டுகிற சொல் ‘மாஸிஃபிகேஷன்’. சிலருக்கு மட்டும் வாய்த்திருந்த கல்லூரிப் படிப்பு ஏராளமானவர்களுக்கு எட்டுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். வேர், ‘மாஸ்’. நம் ஹீரோக்களுக்கு விசில் அடிக்க வைக்கும் அதே மாஸ்தான். லத்தீன் வழியாகக் கிரேக்கம் வரை பின்னால் போனால், பார்லி மாவைப் பிசைந்து தட்டிய அடையில் போய் நிற்கும். பிசைந்த மாவு திரள் ஆகி, பிறகு மக்கள் திரள் ஆகிவிட்டது.

எத்தனை பேர் சேர்ந்தால் ‘மாஸ்’? அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோ 1973-இல் ஒரு கணக்குச் சொன்னார். கல்லூரி வயதினரில் 15 விழுக்காடு வரை மேல்தட்டுக் கல்வி, அதைத் தாண்டினால் வெகுமக்கள் கல்வி, 50-ஐத் தாண்டினால் எல்லோருக்குமான கல்வி.

பிரிட்டன் இந்தப் படிகளை நிதானமாக ஏறியது. 1800-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மட்டுமே. அப்புறம் லண்டன், டர்ஹாம், பிறகு தொழில் நகரங்களில் சிவப்புச் செங்கல் கட்டடங்களால் ‘செங்கல் பல்கலைக்கழகங்கள்’ என்றே பெயர் பெற்றவை. தகுதியும் விருப்பமும் உள்ளவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்று அரசு அமைத்த ராபின்ஸ் குழு 1963-இல் சொன்னது. 1992-இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. நம்மூர் டிப்ளமோ பாலிடெக்னிக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவை பட்டப்படிப்பே நடத்தியவை.

சீனத்தில் இதற்குச் சொல் ‘தாஜோங்ஹுவா’. தா என்றால் பெரிய, ஜோங் என்றால் கூட்டம், ஹுவா என்றால் ஆக்கம். ஜோங்கின் இன்றைய எழுத்தைப் பாருங்கள்: மனிதனைக் குறிக்கும் எழுத்து மேலே ஒன்று, கீழே இரண்டு. மூன்று பேர் சேர்ந்தால் கூட்டம்!

ஆனால் அங்கே வரலாற்றை மாற்றிய சொல் வேறு: ‘குவோஜாவ்’. குவோ என்றால் அகலமாக்கு, ஜாவ் என்றால் கைகாட்டிக் கூப்பிடு; சேர்த்தால், மாணவர் சேர்க்கையைக் கூட்டுவது. இரண்டு எழுத்திலும் இடப்பக்கம் கையைக் குறிக்கும் உறுப்பு உண்டு. யாரோ ஒருவர் கை வைத்துச் செய்த வேலை என்பது எழுத்திலேயே தெரிகிறது. செய்தது அரசு. கலாசாரப் புரட்சியில் நின்றுபோன கல்லூரி நுழைவுத் தேர்வு 1977-இல் திரும்பியபோது சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது மூன்று லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. 1998-இல்கூடச் சேர்க்கை 11 லட்சத்தை எட்டவில்லை. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தால் குடும்பங்களின் சேமிப்பு வெளியே வரும், வேலை தேடும் வரிசையும் சற்றுத் தள்ளிப்போகும் என்று பொருளியலாளர் டாங் மின் யோசனை சொன்னார். 1999-இல் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது சேர்க்கையைக் கூட்டும் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டே சேர்க்கை ஏறக்குறைய 16 லட்சம். கல்லூரி வயதினரில் உயர்கல்வி பெறுவோர் 2002-இல் 15 விழுக்காடு, 2019-இல் பாதிக்கு மேல்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘வெகுஜனமயமாக்கல்’ படிக்கவே மூச்சு வாங்குகிறது. தரம் இறங்கிவிட்டது என்ற தொனியும் ஒட்டிக்கொள்கிறது. ‘பெருந்திரளாக்கம்’ பழைய மாவுக்கே திரும்புகிறது. என் தேர்வு ‘பரவலாக்கம்’. அதிலும் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. தானாக நடந்தால் பரவல், ஒருவர் நடத்தினால் பரவலாக்கம். பிரிட்டனின் நெடுங்கதைக்கு ‘உயர்கல்விப் பரவல்’ பொருந்தும். தாஜோங்ஹுவாவுக்கு ‘உயர்கல்விப் பரவலாக்கம்’, குவோஜாவுக்கு ‘சேர்க்கை விரிவாக்கம்’. பிரிட்டனின் 1992-க்கு மட்டும் ‘ஆக்கம்’ போட்டுத்தான் எழுதுவேன். சட்டம் போட்டுப் பெயர்ப்பலகையை மாற்றியதைத் தானாகப் பரவியது என்று எப்படிச் சொல்வது?