குறைவாகத் தீனி போட்டால்தான் வளரும் மீன் கிருமி

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். மீனின் வாயோரத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு படலம். பூஞ்சை என்று நினைத்து மருந்து போடுவார்கள், மீன் பிழைக்காது. பல நேரம் அது ஃபிளாவோபாக்டீரியம் காலம்னேர் என்ற பாக்டீரியா. செவுளைத் தின்றுவிட்டால் ஓரிரு நாளில் மீன் செத்து மிதக்கும்.

1922இல் அமெரிக்காவில் டேவிஸ் என்பவர் இந்த நோயை விவரித்தார். நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்தார், ஆனால் தனியே வளர்க்க முடியவில்லை. அதைச் செய்தவர்கள் ஆர்டலும் ரக்கரும், 1944இல்.

இதற்குச் சத்தான சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஆய்வகத்தில் கிருமிகளைத் தட்டில் வளர்க்க ஊற்றும் சத்துக் கூழை அகர் என்பார்கள். வழக்கமான நியூட்ரியன்ட் அகரில் லிட்டருக்குப் பெப்டோன் என்ற புரதச் சத்து மட்டுமே 5 கிராம் இருக்கும். அதில் இது சரியாக வளராது. மீனோடு வந்த ஏரோமோனாஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள் அதற்குள் பெருகித் தட்டையே மூடிவிடும். இதற்கென்று உள்ள சைட்டோஃபேகா அகரில் டிரிப்டோன் என்ற புரதச் சத்தும் ஈஸ்ட் சாறும் அரை அரை கிராம்தான், இறைச்சிச் சாறும் சோடியம் அசிடேட்டும் 0.2 கிராம். கூடவே நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சேர்த்தால் போட்டிக் கிருமிகள் பெரும்பாலும் அடங்கும், இது தாங்கி வளரும்.

28 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் மஞ்சள் காலனிகள் தெரியும். தட்டையாக, ஓரமெல்லாம் வேர் விட்டதுபோல் பரவியிருக்கும். லூப் என்ற கம்பி வளையத்தால் எடுக்கப் போனால் அகரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வராது. ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். அடையாளம் காண இது எளிய வழி.

சரி, வளர்த்தாயிற்று. வாராவாரம் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் போதாதா? போதாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவதே இதுதான். மாற்ற மாற்ற, வேர் விட்ட காலனிகளுக்கு நடுவே வழவழப்பானவை தலைகாட்டும். அவற்றுக்கு ஊர்ந்து பரவும் திறன் போயிருக்கும், மீனைக் கொல்லும் வீரியமும் போயிருக்கும். அந்தக் கிருமியை வைத்துத் தடுப்பூசியைச் சோதித்தால் மீன் பிழைத்தது தடுப்பூசியாலா, கிருமி வீரியம் இழந்ததாலா என்றே சொல்ல முடியாது.

அதனால் முதல் சில தட்டுகளிலேயே, நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும்போது எடுத்து, 15 முதல் 20 சதவீதம் கிளிசரால் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். வெறும் நீரில் உறைந்தால் பனிப்படிகங்கள் செல் சவ்வைக் கிழித்துவிடும், கிளிசரால் அதைக் குறைக்கிறது. சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைப்பது நல்லது. தேவைப்படும்போது குப்பியை உருகவிடாமல் மேலே கொஞ்சம் சுரண்டித் தட்டில் தேய்த்துவிட்டு, உடனே திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும். உருகி உருகி உறைந்தால் ஒவ்வொரு முறையும் செல்கள் சாகும்.