பாதிப் பேச்சு ஏன் முழு எரிச்சல்?

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசிக்கொண்டே வந்தார். "ம்... அவனா? சேச்சே, இருக்காது. அப்படியா சொன்னான்? சரி, நீ என்ன சொன்னே?" என் கையில் புத்தகம். ஒரே வரியை நான்கு தடவை படித்திருப்பேன், மண்டையில் ஏறவில்லை. இத்தனைக்கும் பின்னால் இரண்டு பேர் அவரைவிடச் சத்தமாகக் கதையடித்துக்கொண்டுதான் வந்தார்கள், அது எனக்கு உறைக்கவே இல்லை. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும், அவன் அப்படி என்னதான் சொன்னான் என்ற குடைச்சல் போகவில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2010-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சனும் குழுவினரும் சிலரைக் கணினி முன் உட்காரவைத்து, கவனம் சிதறாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, பின்னணியில் போன் பேச்சை ஓடவிட்டார்கள். இருவர் பேசுவதும் கேட்டபோது வேலை கெடவில்லை. ஒருவர் பேசுவது மட்டும் கேட்டபோது தவறுகள் கூடின. அதே பாதிப் பேச்சை, சொற்கள் புரியாதபடி மழுக்கிப் போட்டதும் அந்தத் தொல்லை காணாமல் போனது. மூளை அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிற உறுப்பு. விட்டுப்போன பாதியை நிரப்பப் போய் நம் வேலையை அது கீழே போட்டுவிடுகிறது.

அப்படியென்றால் எரிச்சலுக்குக் காரணம் சத்தத்தின் அளவு மட்டும் இல்லை. மின்விசிறி இரவு முழுக்க ஓடினாலும் தூங்குகிறோம், எப்போது வரும் என்று தெரியாத ஒரு ஹாரனுக்குத் துள்ளி எழுகிறோம்.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1960-களின் கடைசியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் செய்தது. ஸ்பானிஷ் பேச்சு, ஆர்மீனியப் பேச்சு, தட்டச்சு இயந்திரம் என்று கண்டதையும் கலந்து ஓர் இரைச்சலைத் தயாரித்து, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் ஒலிக்கவிட்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது என்றார்கள். பெரும்பாலானவர்கள் அதைத் தொடவே இல்லை. ஆக இரண்டு பிரிவினரும் கேட்டது ஒரே இரைச்சல்தான். அப்புறம் தீர்வே இல்லாத புதிர்களைக் கொடுத்தபோது, பொத்தான் இருந்தவர்கள் பல மடங்கு அதிகமாக முயன்றார்கள், பிழை திருத்தும் வேலையிலும் குறைவாகவே தவறவிட்டார்கள். நினைத்தால் நிறுத்தலாம் என்ற எண்ணமே போதுமாக இருந்திருக்கிறது. நகரத்தில் நமக்கு இல்லாதது அந்தப் பொத்தான்தான்.

சரி, ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிடுகிறவருக்கு மட்டும் ஏன் அது தொல்லையாகத் தெரிவதில்லை? அவர் விரல்தான் அதைத் தள்ளுகிறது, எப்போது மாறும், எப்போது நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வராததும் இதே கணக்குதான்: தான் செய்யப்போவதை மூளை முன்கூட்டியே கழித்துவிடும். போனில் கத்துகிறவருக்கு வேறொரு காரணமும் உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம்மை அறியாமலே குரல் உயரும். எத்தியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே லோம்பார்ட் விளைவு என்கிறோம். கூட்டமான உணவகத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரை மிஞ்சிப் பேசி, கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பது இப்படித்தான். வேண்டுமென்றே செய்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அவர்களுக்கு ஒலியியலில் மருந்து இல்லை.

பழகிவிட்டது என்று சொல்பவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. மனசு பழகலாம், உடம்பு அவ்வளவு சீக்கிரம் பழகாது. கண்ணை மூடலாம், காதுக்கு இமை இல்லை. தூக்கத்தில் லாரி ஒன்று கடந்தால், நாம் விழிக்காவிட்டாலும் இதயத்துடிப்பு ஒரு கணம் எகிறும். படுக்கையறைக்குள் இரவு முழுதும் சராசரியாக 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. அது கிசுகிசுப்பேச்சு அளவு. சாதாரணப் பேச்சு 60. வித்தியாசம் இரண்டு மடங்குதானே என்று தோன்றும், ஆனால் டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 30 கூடினால் 1000 மடங்கு.

தடுக்க நினைப்பவர்கள் முதலில் சுவரைப் பார்க்காமல் இடுக்குகளைப் பாருங்கள். கதவு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் சத்தம் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கதவுக்கு அடியில் ஒரு ரப்பர் பட்டை போடுவது கனத்த திரைச்சீலையைவிட எவ்வளவோ மேல். இரைச்சலை ரத்து செய்யும் ஹெட்போன், வருகிற அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அழிக்கிறது. எஞ்சின் உறுமல் போல அடித்தொண்டையில் ஒரே சீராக வருவதற்கு அது அருமை, பேச்சுக்கும் ஹாரனுக்கும் அவ்வளவாக உதவாது. பேச்சை மறைக்க மின்விசிறியின் இரைச்சலே நல்லது. சொல் புரியாமல் போனால் பாதித் தொல்லை ஒழிந்தது, அந்த கார்னெல் சோதனையில் பார்த்தோமே.

என் தலைவலி மேல்வீட்டு நாற்காலி. இரவில் கர்ரென்று தரையில் இழுபடும். இது காற்றில் வருகிற சத்தம் இல்லை, தளமே அதிர்ந்து நம் கூரையை ஸ்பீக்கராக்கிவிடும், இடுக்கை அடைத்தும் பயனில்லை. ஒரு மாதம் பல்லைக் கடித்துவிட்டு ஒரு நாள் மேலே போய்க் கேட்டேன். பரீட்சைக்குப் படிக்கிற பையன். "சாரி அங்கிள், பதினொரு மணிக்குப் படிச்சு முடிச்சு எந்திரிப்பேன், அப்ப இழுத்திருப்பேன்" என்றான். நாற்காலிக் காலுக்கு ஒட்டச் சொல்லி நாலு ரப்பர் மூடி வாங்கிக் கொடுத்தேன். இன்னும் ஒட்டவில்லை. பதினொன்றுக்கு கர்ரென்று கேட்கிறது, பையன் படித்து முடித்துவிட்டான் என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.