மலேசியத் தேர்தல்: உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா?

1999 நவம்பர் 29, திங்கட்கிழமை. மலேசியாவின் பத்தாவது பொதுத்தேர்தல். ஓட்டுப்போடும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கூடாரத்தில் மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் பட்டியலில் பெயர் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பால்வெட்டு முடிந்த கையோடு ஓர் அக்கா வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் ஐசி (அடையாள அட்டை), கூடவே நான்காக மடித்த ஒரு துண்டுச்சீட்டு. மே மாதம் வாக்காளராகப் பதிந்ததற்குக் கொடுத்த சீட்டு. "சாமி மேடையிலதான் தம்பி வச்சிருந்தேன். நல்லா பாருங்க" என்றார். மூன்று தடவை தேடினேன். பெயர் இல்லை.

அவர் ஒருவருக்கு மட்டும் நடந்தது இல்லை இது. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் புதிதாகப் பதிந்த ஏறக்குறைய 6 லட்சத்து 80 ஆயிரம் பேர் ஓட்டுப் போட முடியவில்லை. பதிவை எல்லாம் சரிபார்த்துப் பட்டியலை முடிக்க அடுத்த ஆண்டு ஆகிவிடும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. நாடாளுமன்றமோ நவம்பர் 11-லேயே கலைந்துவிட்டது. மொத்தம் 193 தொகுதிகள். கணக்குப் போட்டால் ஒரு தொகுதிக்கு 3,500 பேருக்கு மேல் வெளியே நின்றார்கள். ஐந்து மாதம் கையில் இருந்தும் ஒரு பட்டியலை முடிக்க முடியவில்லை என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த அக்காவிடம் சீட்டு இருந்தது, ஐசி இருந்தது, வயதும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: அரசிதழில் வெளியான பட்டியலில் பெயர். அரசியலமைப்புச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு ஓட்டுரிமை கொடுக்கிறது என்பது சரி. ஆனால் ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருப்பது அந்தப் பட்டியல் மட்டும்தான்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். பாதி உண்மை. முன்பெல்லாம் ஆண்டுக்கொரு தடவைதான் பதிவு. 2002-இல் ஆண்டு முழுவதும் பதியலாம் என்றானது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே பெயர் தானாகச் சேர்கிறது. ஃபாரம் நிரப்பப் போஸ்ட் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். 2018-இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள், 2022-இல் 2 கோடியே 11 லட்சமானது இதனால்தான். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் தானாகச் சேரும் பெயர் எந்த ஊரில் சேரும் என்பதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐசியில் என்ன முகவரி இருக்கிறதோ, அந்த ஊரில் சேரும். 12 வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போய் எடுத்த ஐசியில் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரி இருக்கும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாயிற்று, லயத்தை உடைத்தாயிற்று, குடும்பம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறிப் பத்து வருடமாயிற்று. ஐசி மட்டும் இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் ஐசி கொடுக்கும் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை பேர் செய்கிறோம்?

சரி, போய் மாற்றிவிட்டீர்கள். வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நான் பார்த்தவர்களில் அதிகம் பேர் ஏமாந்தது இந்த இடத்தில்தான். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவருக்கு, ஐசியில் முகவரி மாறியதும் தொகுதி தானாக மாறிவிடாது. தொகுதியை மாற்றக் கேட்டுத் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். பதிவு இலாகா கவுண்டரில் இதை யாரும் சொல்வதில்லை. ஆணையத்தில் போய்க் கேட்டால், "முதலில் ஐசியை மாற்றிவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே முதலில் ஐசி, பிறகு விண்ணப்பம். வரிசை மாறினால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஒரு தகவலை அரசாங்கத்தின் இரண்டு அலுவலகங்களுக்கு நாமே சுமந்துகொண்டு போய்ச் சொல்ல வேண்டியிருப்பது நியாயமே இல்லை. ஆனாலும் இன்றைக்கு வழி அதுதான்.

விண்ணப்பித்த பிறகும் விட்டுவிடாதீர்கள். புதிதாகச் சேர்பவர்கள், தொகுதி மாறுபவர்கள் பெயர்களைத் துணைப் பட்டியலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அதில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் உரிமை கோரலாம். வேறொருவர் உங்கள் பெயருக்கு ஆட்சேபம் போட்டால் விசாரணைக்குக் கூப்பிட்டு ஆணையத்திலிருந்து கடிதம் வரும். பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைப் பார்க்காமல் விட்டால், விசாரணையில் உங்கள் பக்கம் பேச ஆளிருக்காது.

இந்தக் கட்டத்தில் விட்டதைப் பிறகு பிடிக்கவே முடியாது. காரணம் சொல்கிறேன். 2001-இல் சபாவின் லிக்காஸ் சட்டமன்றத் தொகுதித் தேர்தலை, பட்டியலில் ஓட்டுரிமை இல்லாதவர்கள் இருந்தார்கள் என்று உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பட்டியலைச் சுத்தம் செய்வார்கள் என்றுதானே நினைப்போம்? 2002-இல் தேர்தல் சட்டத்தில் 9ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அரசிதழில் வெளியான பட்டியலே முடிவானது, எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது அது. ஆகவே நாடாளுமன்றம் கலைந்த செய்தியைக் கேட்ட பிறகு ஓடுவதில் பலனில்லை. இன்றைக்கே ஆணையத்தின் இணையத்தளத்திலோ மைஎஸ்பிஆர் செமாக் செயலியிலோ பாருங்கள்.

பார்க்கும்போது ஐசி எண்ணைப் போட்டுத்தான் தேட வேண்டும். நம் பெயர்களை மலாய்க்காரக் குமாஸ்தா ஒரு மாதிரி எழுதியிருப்பார், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) இன்னொரு மாதிரி. பெயரை வைத்துத் தேடி "இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எண்ணைப் போட்டதும் பெயர் வந்தது.

சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) வைத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இங்கேயே நாற்பது, ஐம்பது வருடம் உழைத்தவர்கள். ஓட்டு குடிமக்களின் நீல ஐசிக்கு மட்டும்தான். சிவப்புக்கும், தற்காலிகவாசிகளின் பச்சைக்கும் இல்லை. தானியங்கிப் பதிவாலும் இதில் ஒன்றும் மாறவில்லை. குடியுரிமைக்குப் பதிவு இலாகாவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது நீண்ட காலம் இழுக்கும். இடையில் வந்து "முன்னூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுங்க, நீலமாக்கித் தர்றேன்" என்கிறவர் எந்தக் கட்சிச் சட்டை போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று: பெற்றோரின் திருமணம் பதிவாகாமல் இருந்து, அம்மா குடிமகள் இல்லையென்றால், அப்பா நீல ஐசிக்காரராக இருந்தாலும் பிள்ளைக்குச் சிக்கல்தான். கோயிலில் தாலி கட்டியது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அஞ்சல் ஓட்டுக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. 2018-இல் ஓட்டுச்சீட்டு கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்ததால், விமானத்தில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். அஞ்சல் வாக்காளர் என்று பதிந்துவிட்டால் நேரில் வந்து ஓட்டுப் போட விடமாட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜொகூர் பிள்ளைகளுக்கு 2022 தேர்தலில் இந்த வசதியே இல்லை. பாலம் தாண்டி வந்துதான் போட்டார்கள்.

ஓட்டுப்போடும் நாளில் ஐசி போதும். சாலுரான் எண்ணை (ஓட்டுச்சாவடியில் நீங்கள் நிற்க வேண்டிய வரிசையின் எண்ணை) முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயதுப்படி பிரித்திருப்பார்கள், ஆகவே அம்மாவும் மகளும் ஒரே வரிசையில் நிற்க முடியாமல் போகலாம். ஐசி தொலைந்திருந்தால் அன்று காலை வரை காத்திருக்காதீர்கள். இப்போதே மாற்று ஐசி எடுங்கள்.

"இன்னிக்கு லீவு கிடையாது" என்று சூப்பர்வைசர் சொன்னால் பயப்பட வேண்டாம். ஓட்டுப் போட்டு வர நியாயமான நேரத்தை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் ஒரு சென் பிடிக்கக் கூடாது. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம், 25-ஆவது பிரிவு. ஒரு தாளில் எழுதி ஐசியோடு வைத்துக்கொள்ளுங்கள்.