கழுத்தைத் திருப்பும்போது வரும் அந்தச் சத்தம்

முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் சட்டென்று அழுத்தி, திருப்பி வலி தீர்ப்பதாகச் சொல்லும் கைரோபிராக்டிக் சிகிச்சையின் வீடியோக்களில் கதாநாயகன் மருத்துவருமல்ல, நோயாளியுமல்ல. ‘படக்’ என்ற அந்தச் சத்தம்தான். அதற்காகவே கழுத்தருகே மைக் வைத்துப் பதிவு செய்பவர்களும் உண்டு. சத்தம் கேட்டதும், விலகியிருந்த எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பார்கள். நல்ல கைரோபிராக்டரைத் தேடுகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எலும்பு எதுவும் அங்கே உட்காரவில்லை.

மூட்டைச் சுற்றியுள்ள உறைக்குள் மூட்டுக்கு வழவழப்புத் தரும் சைனோவியல் திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளையும் சட்டென்று பிரித்தால் உள்ளே அழுத்தம் சரிந்து வாயுக் குமிழி உண்டாகும், சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைப்பதுபோல. குமிழி பிறக்கும்போது சத்தம் வருகிறதா, உடையும்போதா என்பதில்தான் சண்டை. பிறக்கும்போது என்று 1947-இல் லண்டனில் சொன்னார்கள். உடையும்போது என்றது 1971-இல் லீட்ஸ் ஆய்வு. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே விரலில் நெட்டி முறித்துப் படம்பிடித்தது. சத்தம் வந்த பிறகும் குமிழி அப்படியே இருந்தது. குமிழி பாதி உடைந்தாலே அந்தச் சத்தம் வரும் என்று 2018-இல் ஒரு கணித மாதிரி வந்து வழக்கை மறுபடி திறந்துவிட்டது. எப்படியானாலும் நெட்டி முறித்த விரலில் சுமார் 20 நிமிடத்துக்கு அடுத்த சத்தம் வராது. விலகாத விரலிலும் வரும் சத்தம், முதுகெலும்பு விலகியிருந்ததற்குச் சாட்சியாக முடியாது.

எலும்பு விலகல் என்ற கதை 1895-இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தொடங்கியது. டேனியல் டேவிட் பால்மர் ஒருவரின் முதுகெலும்பை அழுத்தி, போன காதைக் கேட்க வைத்ததாகச் சொன்னார். கேட்கும் நரம்போ மண்டையோட்டுக்குள்ளேயே காதிலிருந்து மூளைக்குப் போய்விடுகிறது. முதுகுப் பக்கமே வருவதில்லை. பிரிட்டனில் குழந்தைகளின் ஆஸ்துமா, காதுத் தொற்று போன்றவற்றுக்கும் இதில் தீர்வு உண்டு என்ற கூற்றுகளை விமர்சித்த எழுத்தாளர் சைமன் சிங் மீது கைரோபிராக்டர் சங்கம் 2008-இல் அவதூறு வழக்குப் போட்டு, 2010-இல் தானே திரும்பப் பெற்றது. அப்படி யாராவது இன்றும் பேசினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அதற்காக எல்லாமே பொய் என்று தள்ளவும் முடியாது. புதிதாக வந்த இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு, கவனியுங்கள், ஓரளவு உதவுகிறது என்று 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். பிரிட்டனின் வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும் சரி என்கிறது. ஆகவே பயிற்சி சொல்லித்தராமல் படுக்கவைத்து முறித்து அனுப்புகிறவர் பாதி வேலைதான் செய்கிறார்.

கழுத்து விஷயம் வேறு. மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறி, கழுத்தின் மேல்நுனி எலும்பைச் சுற்றி வளைந்து செல்கின்றன. வேகமாகத் திருப்பும்போது அரிதாக அவற்றின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். தமனி ஏற்கெனவே கிழிந்திருப்பதே கழுத்துவலியாகத் தெரிந்து, அதோடு ஆள் வந்திருக்கவும் வாய்ப்புண்டு. திடீரென்று, இதுவரை வராத மாதிரி தலைவலியா, தலைசுற்றலா, இரட்டைப் பார்வையா, பேச்சுக் குழறலா என்று கேட்காமல் கழுத்தில் கை வைப்பவரிடம் கழுத்தைக் கொடுக்கக் கூடாது.

இடுப்புக்கும் கேள்விகள் உண்டு. சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம், காய்ச்சல், பழைய புற்றுநோய், எலும்பு அடர்த்தி குறைந்து பலமிழத்தல் (ஆஸ்டியோபோரோசிஸ்), ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், முறிப்பதற்கு முன் மருத்துவரிடம் அனுப்புகிறவர்தான் தேர்ந்த ஆள். வந்தவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எழுதுகிறவரைச் சந்தேகிக்கலாம்: அபாய அறிகுறி இல்லாத புது இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரம் படமே வேண்டாம் என்று அமெரிக்கக் கைரோபிராக்டர் சங்கமே சொல்லியிருக்கிறது. பெரும்பாலான வலி அதற்குள் தானாகவே தணியும். முதல் நாளே இருபது முப்பது சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொல்கிறவர்கள் அறுவடை செய்வதும் அந்த ஆறு வாரத்தைத்தான்.

பிரிட்டனில் பதிவேட்டில் பெயரில்லாமல் கைரோபிராக்டர் என்று போட்டுக்கொள்வது குற்றம். இந்தியாவில் அப்படிச் சட்டப் பதிவேடு இல்லை. எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று வாய்விட்டே கேட்க வேண்டும். கழுத்தைத் தொடாமல், முறிக்காமல் மெதுவாக அசைத்தே செய்ய முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முடியும், அதற்கான கைமுறைகள் இருக்கின்றன. சத்தம் மட்டும் வராது.