எக்ஸீடன்ஸ்: வரம்புமிகையா, மீறலா?

அமெரிக்காவின் கழிவுநீர் வெளியேற்ற உரிமங்களில் எக்ஸீடன்ஸ், வயலேஷன் என்ற இரு சொற்கள் அடுத்தடுத்து வரும். தமிழில் எழுதும்போது இரண்டையும் 'விதிமீறல்' என்று முடித்துவிடுகிறோம். ஒரு நிலையத்தின் கணக்கை மாதாமாதம் பார்ப்பவருக்கு இது போதாது.

எக்ஸீடன்ஸின் வேர் லத்தீன்: 'எக்ஸ்' வெளியே, 'கேடேரே' செல்லுதல். எல்லையைத் தாண்டிப் போயிற்று என்று அளவை மட்டும் சொல்லும் சொல். வயலேஷன் வேறு குணம் உடையது. 'வியோலாரே' என்ற லத்தீன் வினைக்கு வன்முறையாக நடத்துதல், புனிதம் கெடுத்தல் என்று பொருள். அதில் குற்றம் உள்ளே இருக்கிறது.

முன்னதற்கு வரம்புமிகை, பின்னதற்கு உரிம மீறல் என்பதே என் தேர்வு. வரம்பு என்ற சொல் வயல் வரப்பையும் குறிக்கும். நீர் வரப்புக்கு மேல் ஏறுவதை நம் சொல்லே காட்டிவிடுகிறது. (தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்குவது இசைவாணை, அங்கு 'இசைவாணை மீறல்' என்பதே சரி.)

அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டப்படி உரிமம் பெற்ற நிலையங்கள் கண்காணிப்பு அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு (நுண்ணுயிர்களால் கழிவைச் சிதைப்பது) செய்யும் நகராட்சி நிலையத்துக்கு பிஓடி வரம்பு (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) மாத சராசரியில் லிட்டருக்கு 30 மில்லிகிராம், வார சராசரியில் 45. மாத சராசரி 36 என்றால் வரம்புமிகை. ஆகவே உரிம மீறலும்கூட. ஆனால் மாதிரி எடுக்கத் தவறினாலும், அறிக்கை தாமதமானாலும், நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உரிம மீறல்தான். அரசின் தரவுத்தளம் முதல் வகைக்கு ஈ90 என்றும், வராத அறிக்கைக்கு டி80, டி90 என்றும் குறியிடுகிறது. இவற்றைப் பிரிக்காமல் கூட்டிச் சொல்லும் 'மொத்த மீறல்' ஆற்றில் என்ன கலந்தது என்பதைச் சொல்லாது.

எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். மாத சராசரி மிகுந்தால் அந்த மாதத்தின் எல்லா நாளும் மீறல் நாளே என்று கூட்டாட்சி நீதிமன்றங்கள் கணக்கிட்டுள்ளன. ஒரே எண் 31 நாள் ஆகிவிடும்.

இதற்கு மேல் ஒரு படி உண்டு. அதைப் பெருமீறல் எனலாம். பிஓடி, நீரில் கலந்து தொங்கும் திடப்பொருள் போன்றவற்றில் மாத சராசரி வரம்பின் 1.4 மடங்கையும், உலோகம், நச்சுப்பொருள்களில் 1.2 மடங்கையும் ஆறு மாதத்தில் இருமுறை எட்டினால் அந்நிலை. எவ்வளவு சிறிதானாலும் நான்கு மாதம் மிகுந்தாலும் அதே நிலைதான். ஆகவே வரம்பு 30 என்றால், இரண்டு மாதம் 41 காட்டிய நிலையம் தப்பிவிடும். நான்கு மாதம் 31 காட்டியது மாட்டிக்கொள்ளும். 31 தானே என்று விடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

பொய்யான மீறல்களும் உண்டு. வெளியேற்றமே இல்லாத மாதத்தில் கட்டத்தை வெறுமையாக விட்டால் அறிக்கை வரவில்லை என்று பதிவாகும். 'சி' என்ற குறியை இட வேண்டும். மைக்ரோகிராமில் வந்த ஆய்வு முடிவை மில்லிகிராம் கட்டத்தில் அப்படியே எழுதினால் அளவு ஆயிரம் மடங்கு பெருகி, இல்லாத வரம்புமிகை தோன்றும். மாதம் ஒரு மாதிரி மட்டும் எடுக்கும் நிலையத்தில் அந்த ஒன்றே சராசரி. ஐயம் இருந்தால் அதே மாதத்துக்குள் கூடுதல் மாதிரி எடுக்கலாம். ஆனால் ஏற்கப்பட்ட முறையில், உரிமம் சொல்லும் இடத்தில் ஆய்ந்த எல்லா முடிவுகளையும் சராசரியில் சேர்த்தே காட்ட வேண்டும். பிடித்ததை மட்டும் எடுத்துக் காட்டுவது தனி மீறல்.