உருகும் நிலையில் நிற்கும் பனி: ஷாமோனி பள்ளத்தாக்கு எப்படி இயங்குகிறது?

2020ஆம் ஆண்டு கோடையில், பிரான்ஸின் ஷாமோனி பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் பொஸ்ஸோன் பனியாற்றில் சில இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன. ஈரத்தில் ஊறியிருந்தாலும் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. இந்திரா காந்தி நாட்டின் முதல் பெண் பிரதமராகிறார் என்பதுதான் தலைப்புச் செய்தி. 1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங் மலையில் மோதி நொறுங்கிய ஏர் இந்தியா விமானத்தில் இருந்த தாள்கள் அவை. அந்த விபத்தில் இறந்த 117 பேரில் நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். விமானம் விழுந்தது உச்சிக்குச் சற்றுக் கீழே. தாள்களை யாரும் அங்கே போய்த் தோண்டி எடுக்கவில்லை. 54 வருடங்களில் பனிக்கட்டியே அவற்றை மலைச்சரிவில் கீழே கொண்டுவந்து சேர்த்திருந்தது.

இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்னவரும் உண்டு. 1820இல் மோன் பிளாங் ஏறப்போன ஒரு குழுவின் வழிகாட்டிகள் மூவரைப் பனிச்சரிவு அடித்துப் பனியாற்றின் பிளவுக்குள் தள்ளியது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1842 முதல் இந்தப் பகுதியின் பனியாறுகள் நகரும் வேகத்தை அளந்தவர். அந்த மூவரின் எச்சங்கள் ஏறக்குறைய நாற்பது வருடத்தில் கீழே வெளிப்படும் என்றார். 1861இல் பொஸ்ஸோன் பனியாற்றின் அடிவாரத்தில் வெளிப்பட்டன.

திடப்பொருளான பனிக்கட்டி எப்படி ஆறாக ஓடுகிறது? இதற்கான விடை தெரிந்துவிட்டால், குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு எப்படிச் சாத்தியமாகிறது, பனிச்சரிவு ஏன் ஆளைக் கொல்கிறது, கோடையில் மலையேறுபவர்கள் ஏன் நள்ளிரவில் கிளம்புகிறார்கள் என்பதெல்லாம் கூடவே விளங்கிவிடும். ஆல்ப்ஸுக்குப் போக நினைக்கும் யாரும் டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் எண்ணம். அங்கே காலண்டரும் கடிகாரமும் ஓடுவது இதை வைத்துத்தான்.

விஷயம் இதுதான். பனிக்கட்டி என்றாலே நமக்குக் குளிர்ச்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் இயற்பியல் கணக்கில் ஆல்ப்ஸின் பனிக்கட்டி மிகவும் சூடான பொருள். வெப்பநிலையைத் தனிச்சுழியிலிருந்து, அதாவது எதுவும் அதற்குக் கீழே குளிர முடியாத மைனஸ் 273 டிகிரியிலிருந்து அளந்தால் பனிக்கட்டி உருகுவது 273 கெல்வினில். மைனஸ் 5 டிகிரி என்பது 268 கெல்வின், அதாவது உருகுநிலையில் 98 சதவீதம். இரும்பை அதே அளவுக்கு அதன் உருகுநிலையின் பக்கத்தில் கொண்டுபோக வேண்டுமானால் 1500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். வெள்ளையாகத் தகதகக்கும் அந்த இரும்பு வளையும், நெளியும், பக்கத்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 5 டிகிரிப் பனிக்கட்டியும் அப்படித்தான். அதன் மூலக்கூறுகள் சதா இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. மேற்பரப்பில் இருப்பவற்றுக்கு ஒரு பக்கம் பிடிப்பே கிடையாது என்பதால், உறைநிலைக்குக் கீழேகூட அங்கே ஒரு மெல்லிய படலம் பாதித் திரவமாகவே இருக்கிறது. இரண்டு பனிக்கட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று தொடவைத்தால் ஒட்டிக்கொள்வதற்கு இந்தப் படலமே காரணம் என்று 1850 வாக்கிலேயே மைக்கேல் ஃபாரடே சொல்லிவிட்டார்.

இனி பனிச்சறுக்குக்கு வருவோம். உடல் எடை பனியை அழுத்துகிறது, அழுத்தத்தில் பனி உருகுகிறது, அந்தத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகிறோம் என்ற விளக்கம் பல பாடப்புத்தகங்களில் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 70 கிலோ ஆள் இரண்டு சறுக்குப் பலகைகளில் நிற்கிறார், அடிப்பரப்பு சுமார் கால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியின் மேல் விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். பனியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்குவதற்கோ வளிமண்டல அழுத்தத்தைப் போல 130 மடங்குக்கும் மேல் வேண்டும். பலகை உண்மையில் தொடுவது பனித்துகள்களின் முனைகளை மட்டுமே, அங்கே அழுத்தம் கூடும் என்பது சரி. அப்படியும் மைனஸ் 10 டிகிரியில் சறுக்க முடிவதை இதை வைத்து விளக்க முடியாது.

1939இல் பவுடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் பனிக்குகையில் சோதனை செய்து வேறொரு விடை சொன்னார்கள். உராய்வுதான் சூடு கிளப்புகிறது. ஏற்கெனவே உருகுநிலையின் விளிம்பில் இருக்கும் பனிக்கு அந்தச் சொற்ப சூடே போதும். பலகைக்கு அடியில் மைக்ரோமீட்டர் கணக்கில் ஒரு நீர்ப்படலம் உருவாகிறது. சறுக்குபவர் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே தயாரித்துக்கொண்டு போகிறார் என்று சொல்லலாம். இந்தப் படலம் சரியான அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். மைனஸ் 20 டிகிரியில் படலம் போதாமல் பனி பலகையைப் பிடித்து இழுக்கும். மார்ச் மாத மதிய வெயிலில் தண்ணீர் கூடிப்போய்ப் பலகையின் அடிப்பக்கத்தை உறிஞ்சி நிறுத்தும். அதனால்தான் குளிருக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று தனித்தனி மெழுகு வைத்திருக்கிறார்கள். பலகையின் அடியைக் கிட்டே பார்த்தால் மயிரிழை போன்ற கோடுகள் நீளவாக்கில் ஓடுவது தெரியும், அவை கூடுதல் தண்ணீரை வெளியேற்றுவதற்கு. ஃபுளோரின் கலந்த மெழுகுகள் தண்ணீரை நன்றாகத் தள்ளும் என்றாலும், சூழலில் சிதையாமல் தங்கிவிடும் என்பதால் 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் தடை செய்துவிட்டார்கள். நல்ல முடிவு, அந்த மலைத் தண்ணீரைத்தானே கீழே எல்லோரும் குடிக்கிறார்கள்!

சறுக்குப் பாதைகளை இரவோடு இரவாக உழும் வண்டிகளைப் பார்த்திருக்கலாம். பாதையைச் சமன் செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று நடக்கிறது. வண்டியின் பின்னால் சுழலும் பல்சக்கரம் பனித்துகள்களை நொறுக்கிச் சிறிதாக்கி நெருக்கமாக அடுக்குகிறது. அப்புறம் இரவு முழுக்க அந்தத் துகள்கள் தொட்ட இடங்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டு சிறு பாலங்களை வளர்க்கின்றன. காலையில் பாதை கெட்டியாகிவிடுகிறது. ஏக்வீ து மிதி சிகரத்திலிருந்து இறங்கும் வலே பிளாஞ்ச் என்ற 20 கிலோமீட்டர்ச் சறுக்கு வழியிலும் பனியாற்றின் ஆழமான பிளவுகளுக்கு மேலே இதே மாதிரி ஒட்டிய பனிதான் கூரையாகப் படர்ந்திருக்கும். இரவுக் குளிரில் இறுகிய கூரை ஆளைத் தாங்கும், மதிய வெயிலில் இளகியது தாங்காமல் போகலாம். வழிகாட்டி இல்லாமல் அங்கே இறங்க வேண்டாம் என்று சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

ஒட்டிக்கொள்ளும் அதே பனி விட்டுப்போவதும் உண்டு. நிலத்தை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். தெளிந்த ஜனவரி இரவில் மேல்பரப்பு மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கலாம். நடுவே ஒரு மீட்டர்ப் பனிதான். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கும் மேல் வித்தியாசம் வந்துவிட்டால், அடியிலிருக்கும் துகள்கள் ஆவியாகி மேலே போய் வேறு வடிவத்தில் படிகின்றன. சிறுசிறு பாலங்கள் கரைந்து, கோணல்மாணலான பெரிய படிகங்கள் வளர்கின்றன. இந்தப் பனியைக் கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, பொலபொலவென்று விரலிடுக்கில் உதிரும். இதன் மேல் புதுப்பனி கனமாக விழுந்து கெட்டியான பாளமாகிவிட்டால் ஆபத்து தயார். 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவில் ஒருவர் கால் வைக்கும் இடத்தில் அந்த அடிப்படுகை நொறுங்கும். விரிசல் கண்மூடித் திறப்பதற்குள் சரிவு முழுக்க ஓடிப் பாளம் மொத்தமும் நகரும். பனிச்சறுக்குக்காரர்கள் சிக்கும் பெரும்பாலான விபத்துகளில் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது சிக்கியவரோ அவரது குழுவில் ஒருவரோதான்.

யாரும் கிளப்பாமலும் வரும். 1999 பிப்ரவரி 9 அன்று, பல நாள் கொட்டிய பனிக்குப் பிறகு, ஷாமோனிக்கு மேலே உள்ள மோன்ராக் கிராமத்தின் வீடுகள் மேல் பனிச்சரிவு பாய்ந்து 12 பேர் இறந்தார்கள். இத்தகைய சரிவு நின்ற பிறகுதான் இன்னொரு கொடுமை தொடங்குகிறது. ஓடும்போது நொறுங்கி லேசாகச் சூடான துகள்கள், நின்ற சில நிமிடங்களிலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. உள்ளே இருப்பவர் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீட்புக் குழு வந்து சேர்வதற்கு அந்த நேரம் பெரும்பாலும் போதாது, கூட இருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். சறுக்குப் பாதையை விட்டு வெளியே போகும் ஒவ்வொருவரும், புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் சிறிய ரேடியோ கருவி, குத்திப் பார்க்க நீண்ட கம்பி, மண்வெட்டி மூன்றையும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, ஆற்றுக்குத் திரும்புவோம். மேலே விழும் புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. வருடாவருடம் மேலே மேலே விழ, அடியில் இருப்பது இறுகி, காற்று வெளியேறி, குமிழ்கள் மட்டும் சிறைப்பட்ட பனிக்கட்டியாகிறது. உருகுநிலையை ஒட்டியிருப்பதால் சில பத்து மீட்டர் கனம் சேர்ந்ததும் தன் எடையிலேயே அது நெளியத் தொடங்கும். கூடவே அடிப்பாறையின் மேல் வழுக்கவும் செய்யும். இந்த வழுக்கலைக் கண்ணால் பார்க்கும் இடம் ஒன்று இதே பள்ளத்தாக்கில் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நீர்மின் திட்டத்துக்காக அர்ஜான்தியேர் பனியாற்றுக்கு அடியில் பாறையைக் குடைந்து சுரங்கங்கள் போட்டார்கள். பனிக்கட்டி பாறையை விட்டு விலகியிருக்கும் ஒரு பொந்தில், அதன் அடிவயிற்றை உரசும்படி விஞ்ஞானிகள் ஒரு சக்கரத்தைப் பொருத்தினார்கள். பனியாறு நகர நகரச் சக்கரம் சுற்றும், அதை வைத்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். உருகிய நீர் அடியில் புகுந்து பனியாற்றைத் தூக்கிவிடும்போது அது வேகமெடுப்பதும் இப்படித்தான் அளவில் தெரிகிறது.

மேலேயிருந்து பார்த்தால் வேறொரு காட்சி. ஷாமோனிக்கு மேலே இருக்கும் மேர் த கிளாஸ் பனியாறு செங்குத்தான ஓரிடத்தில் உடைந்து விழுந்து மறுபடி ஒன்றுசேர்கிறது. அதற்குக் கீழே அதன் மேல் கருப்பும் வெளுப்புமாக வில் வடிவ வரிகள் வரிசையாகத் தெரியும். கோடையில் உடைந்து விழும் பகுதி தூசியை வாங்கிக் கருக்கிறது, குளிர்காலத்தில் விழும் பகுதி புதுப்பனியை வாங்கி வெளுக்கிறது. ஒரு கருப்பும் ஒரு வெளுப்பும் சேர்ந்தால் ஒரு வருடம். நடுப்பகுதி வேகமாகவும் ஓரங்கள் மெதுவாகவும் நகர்வதால்தான் வில்லாக வளைகின்றன. இந்த வரிகளைக் கவனித்து எழுதியவரும் ஃபோர்ப்ஸ்தான்.

1909 முதல் ஷாமோனியிலிருந்து மலைமேல் இருக்கும் மோந்தான்வேர் வரை பல்சக்கர ரயில் போகிறது. அங்கேயிருந்து மேர் த கிளாஸைப் பார்க்க வருபவர்கள் இப்போது பனிக்கட்டியைத் தேடிக் கீழே குனிய வேண்டியிருக்கிறது. ரயில் வந்த காலத்தோடு ஒப்பிட்டால் அங்கே பனியாறு நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. 1988இல் கேபிள் கார் போட்டபோது அதிலிருந்து சில படிகள் இறங்கினால், பார்வையாளர்களுக்காகப் பனியாற்றில் குடைந்த குகை. அப்புறம் வருடாவருடம் படிகள் கூடி 500ஐத் தாண்டின. 2024இல் பனியாற்றின் மேல்பக்கமாக வேறு இடத்தில் புதிய கேபிள் கார் திறந்தார்கள்.

உருகுநிலையின் விளிம்பில் இருக்கும் பொருளுக்கு ஒரு டிகிரி என்பது சின்ன விஷயம் இல்லை. மலையில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. அப்படியானால் காற்று ஒரு டிகிரி சூடானால் உறைநிலைக் கோடு, அதாவது காற்று 0 டிகிரியைத் தொடும் உயரம், ஏறக்குறைய 150 மீட்டர் மேலே ஏறும். ஷாமோனி ஊர் இருப்பது 1035 மீட்டரில். குளிர்காலத்தில் ஊருக்குள் பனியா மழையா என்பதை இந்த 150 மீட்டர்களே முடிவு செய்கின்றன. கோடையிலோ கோடு எங்கோ போய்விடுகிறது. 2023 ஆகஸ்டில் சுவிஸ் வானிலைத் துறையின் பலூன் 0 டிகிரியைக் கண்டது 5298 மீட்டரில். மோன் பிளாங்கின் உயரமே சுமார் 4808 மீட்டர்தான்.

அந்த உயரத்தில் பனிக்கட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாறை விரிசல்களுக்குள் வருடம் முழுக்க உறைந்திருந்து மலையையே பிடித்து வைத்திருக்கிறது. அது இளகினால் பாறை கழன்றுவிடும். 2005 ஜூனில் ஷாமோனிக்கு மேலே இருக்கும் ட்ரூ சிகரத்தின் பொனாட்டி தூண் என்ற புகழ்பெற்ற பாறைத் தூண் மொத்தமாகச் சரிந்து விழுந்தது, இரண்டரை லட்சம் கன மீட்டருக்கும் மேலான பாறை. ஒவ்வொரு நாளும் இதன் சிறிய வடிவம் நடக்கிறது. இரவில் இறுகிய கற்களை வெயில் தொட்டதும் அவை உருளத் தொடங்கும். மோன் பிளாங் ஏறுபவர்கள் தலைவிளக்கோடு நள்ளிரவு தாண்டியதும் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆபத்தான இடங்களைக் கடந்துவிடப் பார்ப்பது இதனால்தான். எதிர்ப்பக்கத்து பிரெவான் சரிவில் பாராகிளைடிங் செய்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். பாறை நன்றாகச் சூடேறிக் காற்று மேலெழும் வரை அவர்கள் காத்திருப்பார்கள்.

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1970களின் மலையேற்ற வழிகாட்டி நூல் ஒன்றில் விவரித்திருந்த இந்த மோன் பிளாங் மலைத்தொடரின் 95 வழிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. 93 வழிகள் வெப்பமாதலால் மாறியிருந்தன, 26 மிகக் கடுமையாக. மூன்று வழிகள் இப்போது இல்லவே இல்லை. முன்பு ஜூலை, ஆகஸ்டில் ஏறிய பல பாதைகளை வழிகாட்டிகள் இப்போது வசந்தத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும் தள்ளிவைத்திருக்கிறார்கள்.